பதில் வராத பதிவு: இணையத்தில் ஒருவருக்கொருவர் மனத்துணையாக இருப்பது எப்படி வேலை செய்கிறது?

உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை சொன்னது. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்பில் இருப்பது உடல்நலத்துக்கே அவசியம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவர் குழம்புவது இயல்பு. தனிமைக்கு மருந்து பேச்சு என்கிறார்கள். இன்று பேச்சில் பெரும்பங்கு நடக்கும் இடத்தையே ஆபத்து என்றும் சொல்கிறார்கள். அப்படியானால், மனத்தில் உள்ளதை முகமறியாத ஒருவரிடம் திரை வழியாகக் கொட்டுவது நல்லதா, கெட்டதா?

கேள்வியை இப்படிக் கேட்டால் விடை கிடைக்காது. இணையம் என்ற ஒரே சொல்லுக்குள் சற்றும் ஒட்டாத பல இடங்கள் அடங்கியிருக்கின்றன. கோடிக்கணக்கானோர் படம் காட்டும் பொதுமேடையும், துக்கத்தில் இருக்கும் இருபது பேர் வாரம் ஒருமுறை கூடும் மூடிய குழுவும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. அதற்குள்ளும் நல்லது எது, வெறும் கூச்சல் எது என்று பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. அங்கே சொல்லப்படும் ஆறுதல் எவ்வளவு இனிமையானது என்பதைவிட, யாரும் பதில் எழுதாத பதிவுக்கு அங்கே என்ன நேர்கிறது என்பதே முக்கியம்.

முதலில், சொற்கள்

ஒத்த நிலையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதை ஒத்தோர் ஆதரவு என்கிறோம். வயதோ படிப்போ ஒத்திருக்க வேண்டியதில்லை. பட்ட பாடு ஒத்திருக்க வேண்டும். வேலை இழந்தவருக்கு வேலை இழந்தவர், நினைவு மங்கிய தாயைப் பராமரிப்பவருக்கு அதே கடமையில் இருக்கும் இன்னொருவர். ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்ற பழமொழிதான் இதன் அடிப்படைக் கோட்பாடு.

அன்றாட மனநலம் என்பது நோய்க்கு இந்தப் பக்கம் இருப்பது. தேர்வுப் பயம், மேலதிகாரியிடம் பட்ட அவமானம், பிரிவு, குழந்தை பிறந்த பின் வரும் தூக்கமின்மையும் எரிச்சலும், ஓய்வுபெற்ற பிறகு நாள் நீள்வது போன்றவை இதில் அடங்கும். இவற்றுக்கு மருத்துவப் பெயர் தேவையில்லை. ஆனால் தனியாகச் சுமந்தால் கனக்கும்.

அடிக்கடி ஒன்றாகக் கலக்கப்படும் மூன்று உதவிகளைப் பிரித்துவைத்துக்கொள்வது நல்லது:

1. ஒத்தோர் ஆதரவு. இரண்டு பக்கமும் சமம். இன்று நான் கேட்கிறேன், நாளை நீங்கள் கேட்பீர்கள். நோயை அடையாளம் காண்பதோ, மருந்தைப் பற்றிச் சொல்வதோ இதன் வேலையல்ல.
2. உளவியல் ஆலோசனை. ஒருவர் பயிற்சி பெற்றவர், பொறுப்பேற்பவர். மற்றவர் உதவி நாடுபவர். ஆலோசகர் பொதுவாகத் தன் கதையைச் சொல்லமாட்டார்.
3. நெருக்கடி உதவி. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது நிமிடங்களில் எட்டவேண்டியது.

முதலாவதை இரண்டாவதைப் போலவும், சில சமயம் மூன்றாவதைப் போலவும் காட்டி விளம்பரம் செய்யும் செயலிகள் உண்டு. பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்கும் இடம் அதுதான்.

திரைக்கு முன்பே இருந்த பழக்கம்

இது இணையம் கண்டுபிடித்த புதுமையல்ல. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியிலிருந்து மீள முயன்ற இருவரின் சந்திப்பிலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் பிறந்தது. குடியை விட்டவரின் சொல்லுக்கு, விடத் துடிப்பவரிடம் ஒரு தனி எடை உண்டு என்பதே அதன் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் 1953-இல் லண்டனில் கிடைத்தது. தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காக சாட் வாரா என்ற பாதிரியார் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரில் வந்தவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருந்தபோது, தன்னார்வலர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்தார்கள். அந்தப் பேச்சு முடிந்ததும் பலருக்குப் பாதிரியாரைப் பார்க்கும் தேவையே இல்லாமல் போனது. 1954 பிப்ரவரியில் அவர் அந்த வேலையையே தன்னார்வலர்கள் கையில் ஒப்படைத்தார். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு இப்படித்தான் உருவம் பெற்றது. புத்தி சொல்லாமல் காதுகொடுப்பவர் ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடிகிறது என்பதை அந்தக் காத்திருப்பு அறை காட்டியது.

பிறகு இடம்தான் மாறியது. கணினிகள் வழியே செய்தி எழுதிப் பேசிக்கொண்ட 1980-களின் யூஸ்நெட் விவாதக் குழுக்கள், பிரிட்டனில் 2007-இல் ‘பிக் ஒயிட் வால்’ என்ற பெயரில் தொடங்கி இன்று ‘டுகெதரால்’ என்று அழைக்கப்படும் தளம், பயிற்சி பெற்ற தன்னார்வக் கேட்பாளர்களை வைத்து 2013-இல் தொடங்கிய ‘செவன் கப்ஸ்’ என்று வரிசை நீள்கிறது.

எதனால் மனம் இலகுவாகிறது?

‘சொன்னால் பாரம் குறையும்’ என்பது எல்லோரும் அறிந்தது. ஏன் குறைகிறது என்பதற்கு ஆய்வுகள் தரும் விளக்கங்கள் பல. அவற்றில் நான்கு இங்கே பொருந்துகின்றன.

1. பெயரிடுதல். மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முகங்களில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் கொடுத்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு தணிந்தது தெரியவந்தது. ‘என்னவோபோல் இருக்கிறது’ என்பதற்கும் ‘என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று கோபமாக இருக்கிறது’ என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. குழுவில் எழுத உட்காருபவர் அந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டும்.

2. எழுதுதல். 1986-இல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய நிகழ்வைப் பற்றி 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் லேசாகவில்லை, கனத்தது. பலன் பின்வந்த மாதங்களில் தெரிந்தது: நடந்ததையும் அது கிளறிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்தது. பதிவிட்ட அன்றிரவே ‘இன்னும் மோசமாக இருக்கிறதே’ என்று சோர்ந்து கணக்கை மூடுபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

3. உதவுதல். உதவி செய்பவரே அதிகம் பயன்பெறுகிறார் என்று ஃபிராங்க் ரீஸ்மன் 1965-இல் எழுதினார். ‘எனக்கு யாரும் இல்லை’ என்று வந்தவர் மூன்றாம் மாதம் இன்னொருவருக்குப் பதில் எழுதும்போது, அவருடைய சொந்தக் கதையில் அவருடைய இடமே மாறிவிடுகிறது. ஆலோசகரின் அறையில் கிடைக்காத ஒன்று இது. அங்கே உதவி ஒரே திசையில்தான் ஓடும்.

4. மெல்லிய உறவுகள். நெருங்காத அறிமுகங்களின் பலத்தைப் பற்றி சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதியபோது வேலை தேடுவோரை மனத்தில் வைத்திருந்தார். மனபாரத்துக்கும் அது பொருந்தும் என்று சொல்லலாம். வீட்டில் சொன்னால் வீடு கலங்கும், நண்பரிடம் சொன்னால் நாளை அவர் பார்வை மாறும். எங்கோ இருக்கும் ஒருவரிடம் சொல்வதில் அந்த விலை இல்லை.

நான்காவதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், பெயர் மறைத்துப் பேசுவது. உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு இரண்டு முகங்கள் உண்டு என்றார். முகம் தெரியாதபோது கூச்சம் கழன்று மனிதர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். அதே முகம் தெரியாத தைரியத்தில் நேரில் சொல்லத் துணியாத கொடுமையையும் சொல்கிறார்கள். இந்தக் கத்தியின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. பிடி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கூடி அசைபோடுதல்

ஆதரவு என்ற பெயரில் நடக்கும் தீங்குகளில் வசைமொழி கண்ணுக்குத் தெரிவது, அதை நீக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது, அன்பாகவே நடக்கும் தீங்கு.

உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-இல் சிறுவர், பதின்வயதினரின் நட்பை ஆராய்ந்து ஒரு முரணைக் காட்டினார். தங்கள் பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசி, ‘அவள் ஏன் அப்படிச் சொன்னாள், அதற்கு என்ன அர்த்தம்’ என்று சேர்ந்து குடையும் தோழிகளுக்கு நெருக்கம் அதிகமாக இருந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூட அதிகமாக இருந்தன. மாடு தனியாக அசைபோட்டால் செரிக்கும்; மனிதர்கள் கூடி அசைபோட்டால் எதுவும் செரிப்பதில்லை. விழுங்கியது மறுபடி மறுபடி வாய்க்கு வருகிறது.

நேரில் பேசினால் இரவு பத்து மணிக்கு யாராவது கொட்டாவி விடுவார்கள், பேச்சு முடியும். இணையக் குழுவுக்குக் கொட்டாவி கிடையாது. ஒருவர் தூங்கப் போகும்போது பூமியின் மறுபக்கத்தில் இன்னொருவர் எழுந்து அதே உரையாடலைத் தொடர்கிறார். ‘உங்கள் பக்கம்தான் நியாயம், அவரை விட்டுவிடுங்கள்’ என்று ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டவர்கள் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதுகிறார்கள். மறுபக்கம் இருப்பவர் அங்கே வந்து பேசப்போவதில்லை.

ஆதரவு, ஆமோதிப்பு இரண்டும் வேறு. ‘உங்களுக்கு வலிக்கிறது என்று புரிகிறது’ என்பது முதலாவது. ‘நீங்கள் நினைப்பதெல்லாம் சரி’ என்பது இரண்டாவது. நல்ல குழுக்களில் பழைய உறுப்பினர்கள் முதலாவதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பார்கள்: ‘இந்த வாரத்தில் இதில் எந்தச் சிறு பகுதியை மாற்ற முடியும்?’ ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய ‘ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மரப்பெஞ்சில் உட்கார்ந்து செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, ஒன்றைத் தேர்ந்து, செய்யக்கூடிய அடுத்த அடியைக் கேட்பது. அந்த முறையில் மனநலக் கோளாறுகளின் அறிகுறிகள் குறைந்ததை 2016-இல் வெளியான மருத்துவ ஆய்வு உறுதிசெய்தது. அது நேரில் நடப்பது என்பது உண்மை. ஆனால் அந்தப் பாட்டிமார்களின் பலம் அன்பு மட்டுமல்ல, அன்புக்கு ஒரு சட்டகமும் இருந்தது என்பது திரைக்கும் பொருந்தும்.

யாரும் பேசாதபோது

இணையக் குழுக்களில் 90 சதவீதத்தினர் வாசிக்க மட்டும் செய்கிறார்கள், 9 சதவீதத்தினர் எப்போதாவது எழுதுகிறார்கள், மிச்சமுள்ள 1 சதவீதத்தினரே பெரும்பாலானவற்றை எழுதுகிறார்கள் என்று 2006-இல் இணைய வடிவமைப்பு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் ஒரு குத்துமதிப்புக் கணக்கைச் சொன்னார். குழுவுக்குக் குழு எண்கள் மாறும்; சாய்வு மாறுவதில்லை. ஆயிரம் பேர் இருக்கும் குழுவில் பேசுபவர் பத்துப் பேர் என்றால், ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்து நம்பிக்கையோடு எழுதுபவர் உண்மையில் அந்தப் பத்துப் பேரின் ஓய்வு நேரத்தை நம்பி எழுதுகிறார்.

பதில் வராவிட்டால் என்ன ஆகிறது? எதிரே உட்கார்ந்திருப்பவரின் மௌனத்தை முகத்தில் படித்துவிடலாம். திரையின் மௌனத்துக்கு முகம் கிடையாது. அதற்கு மூன்று பொருள் சாத்தியம்: யாரும் பார்க்கவில்லை; பார்த்தார்கள், ஆனால் என்ன சொல்வதென்று தெரியவில்லை; பார்த்தார்கள், ஆனால் பொருட்படுத்தவில்லை. முதல் இரண்டும்தான் பெரும்பாலும் உண்மை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்டதாக உணர்பவர் தேர்ந்தெடுப்பதோ மூன்றாவதை.

தீங்கு அந்த ஒருவரோடு நிற்பதில்லை. அதிகம் பேர் தொட்ட பதிவை மேலே தள்ளும் தளங்களில், அதிர வைக்கும் பதிவுக்குப் பதில் குவியும். ‘இன்று கொஞ்சம் சோர்வாக இருக்கிறேன்’ என்பது கீழே மூழ்கும். இதைக் கவனிக்கும் உறுப்பினர்கள் அறிந்தோ அறியாமலோ தங்கள் வருத்தத்தைப் பெரிதாக்கிச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். அன்றாடச் சோர்வுக்காகத் தொடங்கிய இடம் சில மாதங்களில் நெருக்கடிகளின் அரங்கமாகிவிடுகிறது. பிறகு அன்றாடச் சோர்வோடு வருபவருக்கு அங்கே இடமில்லை. உறுப்பினர் யாரும் கெட்டவர் இல்லாமலேயே இவ்வளவும் நடந்துவிடும் என்பதுதான் இதில் கவலைக்குரியது.

இதற்கு மாற்று வடிவமைப்பில்தான் இருக்கிறது. புதியவரின் முதல் பதிவுக்குப் பதில் எழுதுவதை முறைவைத்து ஒருவர் பொறுப்பில் விடலாம். பதிவுகளை லைக் எண்ணிக்கைப்படி அடுக்காமல் நேர வரிசையில் காட்டலாம். பதில் வராதவற்றைத் தனியே திரட்டி மேலே வைக்கலாம். குழுவைச் சிறியதாக வைத்திருக்கலாம். மட்டுறுத்துநர் என்றவுடன் கெட்ட சொல்லை அழிப்பவர் என்றே நினைக்கிறோம். ஆதரவுக் குழுவில் அவருடைய முதல் வேலை அழிப்பதல்ல, விடுபட்டவரைத் தேடுவது. ‘டுகெதரால்’ போன்ற தளங்கள் பயிற்சி பெற்றவர்களை 24 மணி நேரமும் அமர்த்தியிருப்பது இதற்காகவும்தான். இதற்குப் பணம் ஆகும். இலவசம் என்று சொல்லும் குழு இந்தச் செலவை எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

வெறுமனே வாசிப்பவர்களைப் பற்றி ஒரு சொல். அவர்களை ஒட்டுண்ணிகள் என்று சில குழுக்கள் கடிந்துகொள்வது தவறு. இன்னொருவர் தன் நிலையையே எழுதியிருப்பதைப் படித்து ‘எனக்கு மட்டுமல்ல’ என்று பெருமூச்சு விடுவதும் ஆதரவு பெறுவதுதான்.

வயதுக்கு வயது மாறும் தேவை

பதின்வயதினருக்குத் தனி இடம் வேண்டும். பெரியவர்கள் கலந்த குழுவில் ‘நான் உன் வயதுதான்’ என்று நுழைபவரைச் சரிபார்ப்பது கடினம். கூடி அசைபோடும் ஆபத்தும் இந்த வயதில்தான் அதிகம் பேசப்படுகிறது. ‘செவன் கப்ஸ்’ பதின்வயதினரைத் தனிப் பகுதியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

நடுவயதினரின் சிக்கல் எளிது: நேரமில்லை. குழந்தையையோ நோயாளியையோ கவனிப்பவரால் குறித்த நேரத்துக்கு எங்கும் போக முடியாது. நள்ளிரவில் எழுதி, மறுநாள் மதியம் பதிலைப் படிக்கும் வசதி அவருக்குப் பெரிய வரம்.

முதியவர்களைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். அவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்பது அவற்றில் ஒன்று. உண்மையான தடை பெரும்பாலும் சிறிய எழுத்தும், மாறிக்கொண்டே இருக்கும் திரையும்தான். அதைவிட முக்கியமானது, எந்தத் தனிமை என்பது. சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். சுற்றம் இல்லாத தனிமை ஒன்று. உயிருக்கு நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை மற்றொன்று. ஊர் மாறிப் போனவருக்கு வந்தது முதல் வகை; நல்ல குழு அதைத் தீர்க்கும். ஐம்பது ஆண்டு உடனிருந்த துணையை இழந்தவருக்கு வந்தது இரண்டாவது. நூறு பேர் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எழுதினாலும் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதே இழப்பைச் சந்தித்த ஐந்தாறு பேரை வாரந்தோறும் ஒரே நேரத்தில் குரலிலோ வீடியோவிலோ சந்திப்பது ஓரளவு துணையாகலாம். வயது ஏற ஏற மனிதர்கள் வட்டத்தைச் சுருக்கி, பொருள் நிறைந்த சில உறவுகளையே நாடுகிறார்கள் என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் ஆய்வுகள் சொல்வதோடும் இது ஒத்துப்போகிறது.

தனிமையில் இருக்கும் முதியவர்களைத் தேடி மோசடிக்காரர்களும் வருவார்கள். குழுவில் அறிமுகமாகி, தனிச்செய்திக்கு அழைத்து, சில வாரம் கழித்துப் பண உதவி கேட்பது அவர்கள் வழி. தனிச்செய்தியைத் தொடக்கத்தில் மூடிவைக்கும் குழுக்கள் இதை ஓரளவு தடுக்கின்றன.

சொன்னது எங்கே போகிறது?

அமெரிக்காவில் குறுஞ்செய்தி வழியாக நெருக்கடி உதவி தரும் ‘கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்’ என்ற தொண்டு நிறுவனம், அடையாளம் நீக்கிய உரையாடல் தரவுகளை லாப நோக்குள்ள ஒரு துணை நிறுவனத்தோடு பகிர்ந்தது 2022 ஜனவரியில் செய்தியானது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. 2023-இல், இணையவழி ஆலோசனை நிறுவனமான ‘பெட்டர்ஹெல்ப்’ பயனர்களின் நலத் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று குற்றம்சாட்டிய அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், 78 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. இவை ஒத்தோர் குழுக்கள் அல்ல, கண்காணிப்புக்கு அதிகம் உட்பட்ட நிறுவனங்கள். அங்கேயே இப்படி என்றால், யார் நடத்துகிறார் என்றே தெரியாத குழுவில் முழுப்பெயர், பணியிடம், மற்றவர் ரகசியம் ஆகியவற்றை எழுதாமலிருப்பது நலம். மூடிய குழுவிலும் திரையைப் படமெடுக்க ஒரு நொடி போதும்.

எந்திரம் ஒத்தோர் ஆகுமா?

1966-இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட ‘எலைசா’ என்ற எளிய நிரலோடு பேசியவர்கள் அதனிடம் மனம்திறந்தது அவரையே திடுக்கிட வைத்தது. 2023 ஜனவரியில் ‘கோகோ’ என்ற ஒத்தோர் ஆதரவுத் தளத்தின் இணை நிறுவனர், ஏறத்தாழ 4,000 பேருக்கு ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவு நிரலின் துணையோடு எழுதிய பதில்கள் சென்றதை வெளியிட்டார். அந்தப் பதில்களை மக்கள் உயர்வாகவே மதிப்பிட்டிருந்தார்கள். எழுதியதில் எந்திரத்தின் பங்கு உண்டு என்று தெரிந்ததும் அது பலிக்கவில்லை என்று அவரே சொன்னார். ஒப்புதல் பெற்ற விதம் பற்றிய கண்டனம் தனியே எழுந்தது.

ஆறுதலில் சொல் ஒரு பாதி. ஒருவர் தன் நேரத்தை எனக்காகச் செலவிட்டார் என்பது மறுபாதி. எந்திரத்துக்குச் செலவிட நேரமென்று ஒன்று இல்லை. பதில் வராத பதிவைக் கண்டுபிடித்து ஒரு மனிதர் கண்ணில் படவைக்கும் வேலைக்கு எந்திரம் பொருத்தமாக இருக்கும். அதற்குத்தான் அதிகம் பயன்படுத்தவேண்டும் என்பது என் கருத்து.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. இது எதற்கான இடம் அல்ல என்று குழு தன் முகப்பிலேயே சொல்கிறதா?
2. மருந்தை நிறுத்து, அளவை மாற்று என்று யாராவது எழுதினால், யார் எவ்வளவு நேரத்தில் தலையிடுகிறார்கள்?
3. உயிராபத்து தெரியும் பதிவை யாரிடம், எப்படி ஒப்படைக்கிறார்கள்? இதற்கு எழுதிவைத்த நடைமுறை இல்லாத குழு அன்றாடப் பேச்சுக்கும் பாதுகாப்பானதல்ல.
4. குழுவை விட்டு விலகியவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? தேறி விலகுவதைக் கொண்டாடும் குழு நல்லது. துரோகம்போல் பார்க்கும் குழு ஆளைப் பிடித்துவைக்கிறது.

சேர்ந்த பிறகு தன்னைத் தானே கவனிக்கவும் ஓர் எல்லை வேண்டும். பெரும்பாலான நாட்கள் மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் வேலையும் குலைந்தால், அது மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ போகவேண்டிய கட்டம். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசர உதவி எண்ணையோ அருகில் இருப்பவரையோ நாட வேண்டும்.

மற்றபடி, ஒரு குழுவை அறிய அரை மணி நேரம் போதும். உறுப்பினர் எண்ணிக்கையையும் மேலே மிதக்கும் உருக்கமான பதிவுகளையும் விட்டுவிட்டு, நான்கைந்து நாள் பின்னால் போங்கள். யாருக்கும் தெரியாத புதியவர் ஒருவர் இரண்டு வரியில் எழுதிய சாதாரண வருத்தங்களைத் தேடுங்கள். அவற்றில் எத்தனை அப்படியே கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.